ஆமிஷ் ஊருக்கு ஞாயிற்றுக்கிழமை போகலாமா?

கேள்வி: நியூஜெர்சியில் வசிக்கிறோம். ஊரிலிருந்து வந்திருக்கும் பெற்றோரை வரும் ஞாயிறன்று பென்சில்வேனியாவின் லான்காஸ்டர் பகுதிக்கு அழைத்துச் சென்று, கார் வைத்துக்கொள்ளாமல் பழைய முறையில் எளிமையாக வாழும் கிறித்தவப் பிரிவினரான ஆமிஷ் மக்களின் வாழ்க்கையைக் காட்ட விரும்புகிறோம். குதிரை வண்டிச் சவாரி, ஆமிஷ் வீடு, அவர்களோடு நின்று படம் என எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரு முகவர் கட்டணம் சொல்கிறார். கட்டலாமா?

பதில்: கட்ட வேண்டாம். முதலில் நாளை மாற்றுங்கள். ஞாயிறன்று ஆமிஷ் மக்கள் எதையும் விற்பதில்லை. தேவாலயக் கட்டடம் என்று ஒன்று வைத்துக்கொள்ளாத அவர்கள், ஒரு வாரம் விட்டு ஒரு வாரம் யாராவது ஒருவர் வீட்டிலோ களஞ்சியத்திலோ கூடி ஏறக்குறைய மூன்று மணி நேரம் வழிபடுகிறார்கள். அன்று ‘ஆமிஷ்’ பலகையோடு திறந்திருக்கும் கடை வேறு யாருடையதோ என்று கொள்ளலாம்.

விருந்தினரைப் பல ஆண்டுகளாக அங்கே அழைத்துச் செல்பவன் என்ற முறையில் சொல்கிறேன்: வழக்குமன்றப் படியேறுவதை அவர்களுடைய சமய நெறி விரும்புவதில்லை என்பதால், அவர்கள் பெயரை யார் பலகையில் எழுதினாலும் கேட்பாரில்லை. முகவர்கள் காட்டும் ‘ஆமிஷ் வீடு’ பெரும்பாலும் யாரும் குடியிராத காட்சி வீடு. காட்சி வீடு என்று சொல்லிக் காட்டினால் எனக்குக் குறையில்லை. ‘ஆமிஷ்’ என்று விற்கப்பட்ட ஒட்டுத்துணி விரிப்புகள் பலவற்றை லாவோஸிலிருந்து அகதிகளாக வந்த ஹ்மோங் இனப் பெண்கள் தைத்தார்கள். தையல் அருமை, சீட்டில்தான் அவர்கள் பெயர் இல்லை. சுற்றுலாத் துறையினர் விளம்பரத்தில் குதிரை வண்டியைத் தவறாமல் அச்சிடுவார்கள். எது அசல் என்று வருகிறவருக்குச் சொல்ல மட்டும் யாருக்கும் நேரமில்லை.

படம் எடுப்பதை முகவர் வாக்களிக்கவே முடியாது. உருவம் செய்யாதே என்ற விவிலியக் கட்டளையும், தன்னை முன்னிறுத்துவது அகந்தை என்ற எண்ணமும் சேர்ந்து, படத்துக்கு நின்று கொடுப்பதை அவர்கள் தவிர்க்கிறார்கள். இதில் ஒரு விலக்கு உண்டு, அதைத்தான் பலரும் தவறாகப் புரிந்துகொள்கிறார்கள். வயல், களஞ்சியம், சாலையில் தொலைவில் போகும் சாம்பல் நிறக் கூண்டு வண்டி ஆகியவற்றை முகம் தெரியாமல் எடுத்தால் பொதுவாக யாரும் பொருட்படுத்துவதில்லை. வேலையில் இருக்கும்போது யாரோ எடுத்துவிட்டுப் போனதைக் கண்டுகொள்ளாத ஒருவரே, “எடுக்கலாமா?” என்று கேட்டால் மறுத்தாக வேண்டியவராகிறார், ஒப்புக்கொண்டால் அவரே படத்துக்கு நின்றதாக ஆகிவிடும். ஆகவே அனுமதி கேட்பது மரியாதை என்ற நம் கணக்கு அங்கே செல்லாது. அதற்காக ஒளிந்து நின்று முகத்தை எடுக்கலாம் என்று பொருளல்ல. குழந்தைகள் பக்கம் காமிராவைத் திருப்பவே வேண்டாம்.

வார நாள் ஒன்றில் போய், பேர்ட்-இன்-ஹேண்ட், இன்டர்கோர்ஸ் என்ற இரு ஊர்களுக்கும் இடையே 340ஆம் எண் சாலையிலிருந்து பிரியும் சிறு சாலைகளில் மெதுவாகச் செல்லுங்கள். குதிரை வண்டியின் பின்னால் ஒலிப்பானை அழுத்தாதீர்கள். பண்ணை வாசல்களில் காய்கறி, ஜாம், ரொட்டி விற்கும் கொட்டகைகள் இருக்கும். சில்லறை நோட்டுகள் கையில் இருக்கட்டும். வாங்கும்போது அப்பா விளைச்சலைப் பற்றிக் கேட்டால், கட்டணச் சுற்றுலா எதிலும் கிடைக்காத பேச்சு கிடைக்கலாம். அம்மா சைவம் என்றால், ‘பை’ (pie) என்ற சுட்ட பண்ட வகைகளின் மேல்மாவில் பன்றிக் கொழுப்பு சேர்த்திருக்கிறதா என்று கேட்டுவிட்டு வாங்குங்கள். எந்தக் கொட்டகையில் நிறுத்துவது என்று தயங்கினால், ‘ஆமிஷ்’ என்ற சொல்லைத் தேடாதீர்கள். ‘ஞாயிறு விற்பனை இல்லை’ என்று கையால் எழுதிய பலகையைத் தேடுங்கள்.