சைட் அனுபவம் செல்லுமா?

கேள்வி: கோவையில் பி.இ. சிவில் முடித்து, ஐந்து வருடமாகப் பாலக்காட்டுப் பக்கம் கஞ்சிக்கோட்டில் ஒரு கான்ட்ராக்டரிடம் சைட் இன்ஜினியராக இருக்கிறேன். பி.எம்.பி. என்கிற திட்ட மேலாண்மைச் சான்றிதழ் எடுக்க ஆசை. ஆனால் புராஜெக்ட் மேனேஜர் என்ற பதவி எனக்கு இல்லை. அனுபவ விவரத்தைத் தாங்களே ‘நன்றாக’ எழுதித் தருவதாக ஒரு பயிற்சி மையம் சொல்கிறது. பணம் கட்டிவிடலாமா?
– வாசகர், வேலந்தாவளம்

பதில்: பாடத்துக்குக் கட்டுங்கள் தம்பி, எழுத்துக்குக் கட்டாதீர்கள். 35 மணி நேரப் பயிற்சி கட்டாயம். அதை நேரிலும் படிக்கலாம், வீட்டில் உட்கார்ந்து ஆன்லைனிலும் படிக்கலாம். அனுபவத்தை மட்டும் நீங்களே எழுதுங்கள். இந்தத் தேர்வை 1984 முதல் நடத்திவரும் அமெரிக்காவின் பி.எம்.ஐ. (திட்ட மேலாண்மை நிறுவனம்), வரும் விண்ணப்பங்களில் சிலவற்றை உருவி எடுத்து ஆடிட் செய்யும். பட்டச் சான்று, பயிற்சிச் சான்று, எழுதிய வேலையெல்லாம் உண்மைதான் என்று உங்களை அறிந்தவரின் கையெழுத்து, மூன்றும் கேட்பார்கள். மையத்துக்காரர் பெங்களூர் சாஃப்ட்வேர் பாஷையில் எதையோ அளந்துவிட்டிருந்தால், உங்கள் கான்ட்ராக்டர் எதை நம்பிக் கையெழுத்துப் போடுவார்?

பதவிப் பெயர் ஒரு தடையே இல்லை. நான்கு வருடப் பட்டம் இருந்தால், திட்டங்களை முன்நின்று நடத்திய அனுபவம் 36 மாதம் வேண்டும். முன்நின்று நடத்தியதா என்பதுதான் கேள்வி. மேஸ்திரி சொன்ன அளவை நோட்டில் குறித்த நாட்கள் இதில் சேராது. ஒரே மாதத்தில் இரண்டு சைட் பார்த்திருந்தாலும் ஒரு மாதம்தான் கணக்கு. சொந்த வீடு கட்டியதைச் சேர்க்க வேண்டாம்.

நானும் கஞ்சிக்கோட்டில் ஒரு தொழிற்சாலையின் பிளானிங் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவன். அதனால் உங்கள் வேலை எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். ஒரு கிடங்கு ஷெட் போட்டீர்கள் என்று வைத்துக்கொள்வோம். ‘ஷெட் கட்டும் பணியை மேற்பார்வையிட்டேன்’ என்று எழுதினால் அது செத்த வரி. நடந்ததை யோசியுங்கள். பொங்கலுக்குப் பொள்ளாச்சி ஆட்கள் ஊருக்குப் போய்விடுவார்கள், ஓணத்துக்குச் சித்தூர் ஆட்கள் வரமாட்டார்கள். இரண்டையும் கழித்துத்தானே தேதி போட்டீர்கள்? ஆனி ஆடியில் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று அடிக்கும்போது கூரை ஷீட்டைக் கிரேனில் தூக்க முடியாது என்று தெரிந்து, ட்ரஸ் (கூரையைத் தாங்கும் இரும்புச் சட்டம்) வேலையை வைகாசிக்குள் முடித்திருப்பீர்கள். (அந்தக் காற்றை நம்பித்தானே இங்கே காற்றாலையே வைத்தார்கள்!) நடுவில் முதலாளி வந்து இன்னொரு லோடிங் மேடை கேட்டிருப்பார், அதற்கு எவ்வளவு செலவு, எத்தனை நாள் தள்ளும் என்று எழுதிக் காட்டிச் சம்மதம் வாங்கியிருப்பீர்கள். கால அட்டவணை, இடர் மேலாண்மை, மாற்றக் கட்டுப்பாடு என்று புத்தகம் சொல்வதெல்லாம் இதுதான். நோக்கம், உங்கள் பங்கு, பட்ஜெட், கால அளவு, முடிவு, இவ்வளவும் வருகிற மாதிரி எளிய ஆங்கிலத்தில் எழுதினால் போதும்.

தேர்வைப் பற்றி ஒரு எச்சரிக்கை. 180 கேள்விகள், ஏறக்குறைய நாலு மணி நேரம். தமிழிலோ மலையாளத்திலோ கிடையாது. கணிசமான பகுதி ‘அஜைல்’ முறையைப் பற்றியது, அதாவது வேலையைச் சிறு சிறு பகுதிகளாக முடித்துக் காட்டி, போகப் போகத் திட்டத்தைத் திருத்திக்கொள்வது. சிவில்காரர்களுக்கு அது புதுசு, அதற்குத் தனியாக நேரம் ஒதுக்குங்கள். இன்னொன்று, சைட் பழக்கம் உங்களைக் காலை வாரிவிடும். கம்பி கட்டுகிற ஆளும் சென்ட்ரிங் ஆளும் முறைத்துக்கொண்டால் சைட்டில் ஒருவரை மாற்றிவிட்டு வேலையைப் பார்ப்போம். தேர்வில் அப்படி ஒரு விடை கொடுத்திருப்பார்கள், கை தானாக அதற்குத்தான் போகும். இரண்டு பேரையும் உட்கார வைத்துக் காரணம் கேட்பதுதான் பெரும்பாலும் சரியான விடையாக இருக்கும். தவறான விடைக்கு மதிப்பெண் குறைக்க மாட்டார்கள், அதனால் எதையும் வெறுமையாக விடாதீர்கள்.

கேள்வி: எஸ்.எஸ்.எல்.சி. புத்தகத்தில் என் பெயருக்கு முன்னால் வீட்டுப் பெயரின் இனிஷியல் இருக்கிறது. பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் முழுதாகப் பின்னால் இருக்கிறது. எந்தப் பெயரில் பதிவது?
– வாசகி, கொழிஞ்சாம்பாறை

பதில்: நம் பக்கத்தில் பாதிப் பேருக்கு இந்தத் தொல்லை உண்டு அம்மணி. தேர்வன்று எந்த அடையாள அட்டையைக் காட்டப் போகிறீர்களோ, அதில் உள்ளபடி எழுத்துக்கு எழுத்து பதியுங்கள். உங்களுக்குப் பாஸ்போர்ட் பெயர்தான் நல்லது. வேறு மாதிரி பதிந்திருந்தால் தேதி எடுக்கும் முன்பே மாற்றக் கேளுங்கள். பெயர் ஒத்துப்போகவில்லை என்றால் தேர்வு எழுத விடாமல் திருப்பி அனுப்பலாம், கட்டிய பணமும் போகலாம். பட்டச் சான்றில் பெயர் வேறாக இருப்பதற்கு, இரண்டும் ஒருவரே என்று ஒரு சான்று வாங்கி வைத்துக்கொள்ளுங்கள், ஆடிட் வந்தால் உதவும்.

கேள்வி: என் மகள் இப்போதுதான் பி.காம். முடித்தாள். அனுபவம் ஒன்றும் இல்லை. அவளும் இதை எழுதலாமா?
– வாசகர், சித்தூர்

பதில்: பி.எம்.பி. இப்போது முடியாது. அதே பி.எம்.ஐ. நடத்தும் சி.ஏ.பி.எம். என்கிற தொடக்க நிலைத் தேர்வை எழுதலாம். அனுபவம் கேட்பதில்லை, 23 மணி நேரப் பயிற்சி போதும். 150 கேள்விகள், மூன்று மணி நேரம். அந்தச் சான்றிதழ் கையில் இருக்கும்வரை, பின்னால் பி.எம்.பி.க்குப் போகும்போது 35 மணி நேரப் பயிற்சியைத் தனியாகக் காட்ட வேண்டியதில்லை. ஆனால் முதல் வேலைக்கு இது ஒன்றே போதும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். எக்செல் கைவசம் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.