மருத்துவத்துக்காக வீட்டை விற்காதீர்கள், மகள் வேதியியல் படிக்கட்டும்

சென்ற சனிக்கிழமை நீங்களும் அண்ணனும் மகளும் வந்து போன பிறகு எனக்கு மனம் சரியில்லை. "எல்லாம் நல்லபடியாக நடக்கும், கவலைப்படாதீர்கள் அக்கா" என்று சொல்லி அனுப்பிவிட்டேன். மகளை எதைப் படிக்க வைப்பது என்று நீங்கள் கேட்ட கேள்விக்கு அது பதிலே இல்லை. அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன். சில இடங்களில் கடுமையாக இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

இங்கே சிங்கப்பூரில் பல்கலைக்கழகத்துக்கு முந்தைய 'ஏ' நிலைத் தேர்வு முடிவு வந்து ஒரு வாரம்கூட ஆகவில்லை. அதற்குள் உங்கள் வீட்டில் மூன்று தீர்ப்புகள் வந்துவிட்டன. வெளிநாட்டுக்கு அனுப்பி டாக்டராக்கு என்கிறார் உங்கள் தம்பி. கணினிதான் இந்தக் காலத்துப் படிப்பு என்கிறார் பெரியப்பா. கோவிலில் பார்த்த ஒருவர், "கெமிஸ்ட்ரியா? டியூஷன்தான் எடுக்கலாம்" என்றாராம். இவ்வளவு பேர் பேசினார்கள். மதிப்பெண் வாங்கிய பிள்ளை மட்டும் அன்று என் அறையில் முதல் அரை மணி நேரம் வாயே திறக்கவில்லை.

அண்ணன் சட்டைப் பையிலிருந்து ஒரு தாளை எடுத்துக் காட்டினார். ஐந்தறை வீட்டை விற்று மூவறை வீட்டுக்குப் போனால் கையில் எவ்வளவு மிஞ்சும் என்ற கணக்கு. அந்தத் தாளைத்தான் முதலில் கிழிக்க வேண்டும்.

பிரிட்டனோ ஆஸ்திரேலியாவோ, மருத்துவம் என்றால் ஐந்தாறு ஆண்டுகள். கட்டணம், தங்குமிடம், சாப்பாடு, விமானச் சீட்டு எல்லாம் சேர்ந்து நான்கைந்து லட்சம் வெள்ளியில் போய் நிற்கும். ஓய்வுக்காலச் சேமிப்பான மத்திய சேமநிதியிலிருந்து (மசேநிதி) எடுக்கலாமே என்றார் அண்ணன். எடுக்க முடியாது. மசேநிதிக் கல்விக் கடன் உள்ளூரில் அங்கீகரிக்கப்பட்ட படிப்புகளுக்கு மட்டும்தான். தம்பி சொன்ன கட்டணம் குறைந்த கல்லூரி இன்னும் ஆபத்து. வெளிநாட்டு மருத்துவப் பள்ளிகளில் எவற்றின் பட்டத்தை இங்கே ஏற்பது என்று சிங்கப்பூர் மருத்துவ மன்றம் ஒரு பட்டியல் வைத்திருக்கிறது. அதில் 160 பள்ளிகள் இருந்தன. 2020இல் 103ஆகக் குறைத்தார்கள், பிறகு சிலவற்றைச் சேர்த்தார்கள். பட்டியலில் இல்லாத கல்லூரியின் அடிப்படைப் பட்டத்தை வைத்துக்கொண்டு இங்கே மருத்துவராகப் பதிந்துகொள்ள முடியாது. அவர் சொன்ன கல்லூரி அதில் இருக்கிறதா என்று கேட்டேன். யாருக்கும் தெரியவில்லை. தெரியாமலேயே வீட்டை விற்கும் அளவுக்குப் பேச்சு போயிருக்கிறது!

இத்தனைக்கும் உங்கள் மகள் மருத்துவத்தில் மனமில்லை என்று தெளிவாகச் சொல்லிவிட்டாள். ஆர்வம் இருக்கிற பிள்ளைகளே தடுமாறுகிற படிப்பு அது. மனமில்லாத பிள்ளையைக் கடன் சுமையோடு அனுப்பினால், மூன்றாம் ஆண்டில் "முடியவில்லை அப்பா" என்று சொல்லக்கூட அவளுக்கு வழி இருக்காது. கணினியைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. நிரல் எழுதுவதில் ருசி உள்ளவர்களுக்கு அது நல்ல படிப்பு. இவளுக்கு அந்த ருசி இருப்பதாக ஒரு அடையாளமும் நான் பார்க்கவில்லை.

சரி, அவளுக்கு எதில் ருசி? நீங்கள் இருவரும் தேநீர் குடிக்கக் கீழே போனபோதுதான் பேசினாள். சின்ன வயதில் சித்தியின் கல்யாணத்தில் ஆரத்தி கரைப்பதைப் பார்த்தாளாம். மஞ்சள் நீரில் சுண்ணாம்பைப் போட்டதும் எப்படி ரத்தச் சிவப்பானது என்று யாரைக் கேட்டும் பதில் கிடைக்கவில்லை. தொடக்கக் கல்லூரியில் காரமும் அமிலமும் படித்த பிறகு, வீட்டில் அதே மாதிரி கரைத்து, எலுமிச்சை பிழிந்து, மறுபடி மஞ்சளாக்கிப் பார்த்திருக்கிறாள். செய்ததை ஒரு நோட்டில் எழுதியும் வைத்திருக்கிறாள். அந்த நோட்டைப் பாதி தமிழில் எழுதியிருக்கிறாள் அக்கா. எத்தனை சொட்டு, எப்போது நிறம் மாறியது, எந்த முறை சொதப்பியது, எல்லாம் இருக்கிறது. பாடத்துக்காக யாரும் எழுதச் சொல்லவில்லை. பிள்ளையின் நாட்டம் எங்கே என்பதற்கு இதைவிடச் சாட்சி எனக்கு வேண்டாம்.

வேதியியல் என்றதும் உங்கள் இருவர் கண்ணிலும் ஒரே படம்தான்: வெள்ளைக் கோட்டு, கண்ணாடிக் குடுவை, வேதி ஆலைகள் நிறைந்த ஜூரோங் தீவில் இரவு ஷிப்ட். அந்த வேலைகளும் நல்லவைதான். மருந்து ஆலை, ஆசிரியர் பணி, பரிசோதனைக்கூடம் எல்லாம் நீங்கள் கேள்விப்பட்டவை, அவற்றை நான் விளக்கப் போவதில்லை. ஆனால் அந்தப் படிப்பு அதோடு முடிந்துவிடுவதாக நினைப்பது பெரிய தவறு. அமெரிக்காவின் பல கல்லூரிகளில் வேதியியலுக்குக் கொடுப்பது பி.ஏ. பட்டம். வரலாறு, தத்துவம் போலச் சிந்தனையைப் பழக்கும் படிப்பாகவே அதை வைத்திருக்கிறார்கள். கண்ணால் பார்க்க முடியாத மூலக்கூறைப் பற்றி, கண்ணால் பார்க்கிற நிறத்தையும் எடையையும் வைத்து வாதாட வேண்டும். கிடைத்த சான்று எவ்வளவு தூரம் தாங்கும், எங்கே தாங்காது என்று சொல்லத் தெரிய வேண்டும். அப்புறம் அதை இன்னொருவர் படித்துச் செய்து பார்க்கும்படி எழுத வேண்டும். மார்கரெட் தாட்சர் ஆக்ஸ்ஃபர்டில் படித்தது வேதியியல்தான். சில காலம் ஆய்வு வேலை பார்த்துவிட்டு, சட்டம் படித்து வரி வழக்கறிஞரானார். பிரிட்டனின் பிரதமரானது அதற்கும் பிறகு.

இங்கேயும் அந்தக் கதவு திறந்துதான் இருக்கிறது. 2021இல் சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகம் கலைப் புல, அறிவியல் புல இளநிலை மாணவர்களை ஒரே கல்லூரியின் கீழ் கொண்டுவந்தது. வேதியியல் மாணவர்களும் மானுடப் புலங்கள், சமூக அறிவியல், ஆசியப் பண்பாடுகள் என்று பொதுப் பாடங்கள் படித்தாக வேண்டும். படிப்பில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு அப்படித்தான் போகிறது. இன்னொரு பங்கில் பொருளியல், தத்துவம் என்று இரண்டாவது முதன்மைப் பாடம் எடுக்கவும் இடம் உண்டு. தமிழில் நோட்டு எழுதுகிற பெண்ணுக்கு இது பொருந்துமா இல்லையா, நீங்களே சொல்லுங்கள்.

இனி யாரும் உங்களிடம் சொல்லியிருக்காத ஒரு வழியைச் சொல்கிறேன். காப்புரிமை வேலை.

புதிய மருந்தோ, பூச்சோ, பசையோ கண்டுபிடித்தவர் 20 ஆண்டுகள் அதை மற்றவர்கள் செய்யவிடாமல் காத்துக்கொள்ளும் உரிமைதான் காப்புரிமை. அதை வாங்க ஒரு விண்ணப்பம் எழுத வேண்டும். அந்த விண்ணப்பத்தின் உயிர், கடைசியில் வரும் உரிமைக்கோரல்கள். ஒரு பசையில் "இந்த மூன்று பொருள்களைக் கொண்ட" என்று எழுதினால், நான்காவதாக எதையாவது சேர்த்துச் செய்பவரும் மாட்டுவார். "இந்த மூன்று பொருள்களை மட்டுமே கொண்ட" என்று எழுதிவிட்டால், நான்காவதைச் சேர்த்தவர் தப்பித்துப் போய்விடுவார். "5 முதல் 10 விழுக்காடு" என்று எழுதிவிட்டு உட்கார்ந்தால், போட்டியாளர் 11 விழுக்காட்டோடு வருவார். 11இலும் அந்தப் பசை ஒட்டுமா என்று வேதியியல் தெரிந்தவருக்குத்தான் புரியும். புரிந்ததை ஓட்டையில்லாமல் எழுத மொழி தெரிந்திருக்க வேண்டும். இரண்டும் ஒருவரிடமே இருப்பது அபூர்வம்.

அடுத்து, தேடல். கண்டுபிடிப்பு புதியதா, துறை தெரிந்தவருக்கு எளிதில் தோன்றாததா, தொழிலில் பயன்படுமா என்ற மூன்று கேள்விகளையும் தாண்ட வேண்டும். உலகில் எங்கேயாவது, எந்த மொழியிலாவது முன்பே வெளியாகியிருந்தால் புதியதில்லை. உங்கள் மகளின் மஞ்சளே இதற்குச் சரியான உதாரணம். காயத்தை ஆற்ற மஞ்சளைப் பயன்படுத்துவதற்கு 1995இல் அமெரிக்காவில் காப்புரிமை கொடுத்துவிட்டார்கள். இந்தியாவின் அறிவியல், தொழிலக ஆய்வு மன்றம் அதை எதிர்த்தது. பழைய சமஸ்கிருத, உருது, இந்தி நூல்கள் உட்பட 32 சான்றுகளை எடுத்துவைத்தது. 1997இல் காப்புரிமை ரத்தானது. பாட்டிமார் சொன்னது போதவில்லை, எழுத்தில் இருந்ததைத் தேடி எடுத்துக் காட்ட வேண்டியிருந்தது. அதன் பிறகு 2001இல் பாரம்பரிய அறிவுக்கென்று ஒரு மின்னூலகம் தொடங்கினார்கள். அதில் சித்த மருத்துவத்துக்கு மூலம் தமிழ் நூல்கள்.

இன்னொரு வழக்கு சென்னைக் காப்புரிமை அலுவலகத்தில் தொடங்கியது. ரத்தப் புற்றுநோய்க்கான இமாட்டினிப் என்ற மருந்தின் ஒரு படிக வடிவத்துக்கு நோவார்ட்டிஸ் நிறுவனம் உரிமை கேட்டது. மூலக்கூறு அதேதான், படிகத்தில் அடுக்கியிருக்கும் விதம்தான் வேறு. இந்தப் படிகத்தின் பொடி கட்டிபடாமல் நன்றாக ஓடுகிறது, ஈரத்தை அதிகம் இழுக்காது, நிலையாக இருக்கிறது என்றது நிறுவனம். 2006இல் சென்னை அலுவலகம் மறுத்தது. 2013 ஏப்ரல் 1ஆம் தேதி இந்திய உச்ச நீதிமன்றமும் மறுத்துவிட்டது. மருந்து என்றால் நோயைக் குணப்படுத்தும் திறன் கூடியிருக்க வேண்டும், பொடி நன்றாக ஓடுவதும் ஈரம் இழுக்காததும் போதாது என்றது தீர்ப்பு. மாதம் லட்சம் ரூபாய்க்கு மேல் விற்ற மருந்து வேறு நிறுவனங்கள் தயாரித்த ஜெனரிக்காகப் பத்தாயிரத்துக்குள் கிடைத்துக்கொண்டிருந்தது, அது தொடர்ந்தது. இவ்வளவும் ஒரு படிகம் எப்படி அடுக்கப்பட்டிருக்கிறது என்ற கேள்வியில் தொங்கிக்கொண்டிருந்தது அக்கா. அதைப் படித்துப் புரிந்துகொண்டு வாதத்தை எழுதிக் கொடுக்க ஆள் வேண்டாமா?

சிங்கப்பூரில் இந்த வேலைக்கு இடம் உண்டு. 2014 பிப்ரவரியிலிருந்து ஆய்வு அறிக்கை சாதகமாக இருந்தால்தான் இங்கே காப்புரிமை கிடைக்கும், அதற்கு முன் அப்படி இல்லை. 2015இலிருந்து, காப்புரிமை வழங்கும் நம் அறிவுசார் சொத்து அலுவலகம் அனைத்துலக விண்ணப்பங்களுக்கும் தேடல் அறிக்கை தயாரிக்கிறது. தென்கிழக்காசியாவில் அந்தத் தகுதியை முதலில் பெற்றது அதுதான். விண்ணப்பங்களை ஆராய்பவர்கள் அங்கே இருக்கிறார்கள். மறுபக்கம், விண்ணப்பம் எழுதும் காப்புரிமை முகவர்கள் சட்ட நிறுவனங்களில் இருக்கிறார்கள். முகவராகப் பதிய முழு வழக்கறிஞர் பட்டம் தேவையில்லை. ஒரு பட்டம், அதற்கு மேல் அறிவுசார் சொத்துச் சட்டத்தில் ஒரு சான்றிதழ்ப் படிப்பு, பதிவு பெற்ற முகவரின் கீழ் பயிற்சி, அப்புறம் தகுதித் தேர்வுத் தாள்கள். தாள்கள் கடினமானவை, எல்லாரும் முதல் முறையே தேறுவதில்லை. மருந்துத் துறை விண்ணப்பங்களுக்கு முதுகலையோ முனைவர் பட்டமோ உள்ளவர்களுக்கே முன்னுரிமை கொடுக்கிறார்கள். இதையெல்லாம் மறைத்து உங்களுக்கு ஆசை காட்ட எனக்கு விருப்பமில்லை.

செலவுக்கு வருகிறேன். இங்கே வேதியியல் படிக்கக் குடிமக்களுக்கு மானியம் போக ஆண்டுக் கட்டணம் 8,000 வெள்ளிக்குச் சற்று மேல். நான்கு ஆண்டுக்கு 35,000 வெள்ளி அளவில் முடியும். இதற்கு மசேநிதிக் கடன் கிடைக்கும். படிப்பு முடிந்து ஓராண்டில் அவள் திருப்பிக் கட்டத் தொடங்க வேண்டும், வட்டியும் உண்டு. வீட்டை விற்க வேண்டியதில்லை. தேவைப்பட்டால் சிங்கப்பூர் இந்தியர் மேம்பாட்டுச் சங்கமான சிண்டாவிலும் பல்கலைக்கழகத்திலும் உபகாரச் சம்பளத்துக்கு எழுதிப் பாருங்கள். ஆரம்பச் சம்பளம் கணினி படித்தவர்களைவிடக் குறைவாகத்தான் இருக்கும். பெரியப்பா தீபாவளிக்கு வரும்போது அதைச் சொல்லிக் காட்டுவார். அவருக்குப் பதில் சொல்ல வேண்டியவர்கள் நீங்கள். பிள்ளையை அதற்கு இழுக்காதீர்கள்.

அவளுக்கும் சில நிபந்தனைகள் வைக்கிறேன். ஆய்வக வகுப்பு மூன்று நான்கு மணி நேரம் போகும், அது கசந்தால் இந்தப் படிப்பு வேண்டாம். முதல் ஆண்டிலேயே எழுத்துப் பயிற்சி உள்ள பாடம் ஒன்றை எடுக்க வேண்டும். இரண்டாம் ஆண்டு விடுமுறையில் ஒரு முறை ஆய்வகத்திலும், மூன்றாம் ஆண்டில் ஒரு முறை ஆய்வகத்துக்கு வெளியிலும் வேலைப் பயிற்சி செய்ய வேண்டும். வேறு என்ன செய்வது என்று தெரியாமல் முனைவர் பட்டத்துக்குப் போகக் கூடாது.

பல்கலைக்கழக விண்ணப்பத்தில் முதல் தெரிவை அவள் கையால் நிரப்பட்டும். புதன்கிழமை மாலை ஏழு மணிக்கு மேல் நான் இருப்பேன், அவளை அனுப்பி வையுங்கள். அந்த நோட்டையும் கொண்டுவரச் சொல்லுங்கள். கடைசிப் பக்கத்தில் சீயக்காய் நுரையைப் பற்றி ஏதோ பாதியில் நிறுத்தியிருந்தாள், அதைக் கேட்க வேண்டும்.