த்ராட்டில் பாடியைச் சுத்தம் செய்த பிறகு ரேஸ் ஏறி இறங்குகிறதே?

கேள்வி: 2012 மாடல் ஃபோக்ஸ்வேகன் போலோ, 1.2 பெட்ரோல் வண்டி வைத்திருக்கிறேன். போன மாதம் சர்வீசில், எஞ்சினுக்குள் போகும் காற்றைக் கட்டுப்படுத்தும் த்ராட்டில் பாடியைக் கழற்றிச் சுத்தம் செய்தார்கள். அன்றிலிருந்து சிக்னலில் நிற்கும்போது ரேஸ் தானாக ஏறி இறங்குகிறது. ஆக்சிலேட்டரை மிதித்தால் வண்டி யோசித்துவிட்டுத்தான் கிளம்புகிறது. த்ராட்டில் பாடியையே மாற்ற வேண்டும் என்கிறார் மெக்கானிக். நண்பர் ஒருவரிடம், வண்டியின் கோளாறுகளை லேப்டாப்பில் பார்க்க உதவும் விசிடிஎஸ் கேபிள் இருக்கிறது. லேப்டாப்பில் மாட்டி ரீசெட் செய்தால் சரியாகிவிடும், பிக்கப்பும் கூடும் என்கிறார். செய்யலாமா?

பதில்: தாராளமாகச் செய்யலாம். அதைச் செய்து பார்க்காமல் த்ராட்டில் பாடிக்கு ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள். ஆனால் பிக்கப் கூடும் என்பது நடக்காத காரியம்.

உங்கள் வண்டியில் ஆக்சிலேட்டருக்கும் எஞ்சினுக்கும் நடுவே கேபிள் கிடையாது. பெடலை எவ்வளவு மிதித்தீர்கள் என்று ஒரு சென்சார் இசியுவுக்கு, அதாவது எஞ்சினை இயக்கும் கம்ப்யூட்டருக்குச் சொல்கிறது. இசியு சொன்னபடி ஒரு சின்ன மோட்டார் த்ராட்டில் தகட்டைத் திறக்கிறது. வருஷக்கணக்கில் அந்தத் தகட்டின் விளிம்பில் கரி படியும். காற்று குறைகிறதே என்று இசியு தகட்டைக் கொஞ்சம் கூடுதலாகத் திறந்துவைத்துப் பழகிவிடும். சுத்தம் செய்ததும் கரி போய்விட்டது, பழக்கம் போகவில்லை. அதே திறப்பில் காற்று அதிகமாகப் புகுந்து ரேஸ் ஏறுகிறது. இசியு குறைக்கிறது, அளவுக்கு மீறிக் குறைந்துவிடுகிறது, மறுபடி ஏற்றுகிறது. சிக்னலில் நீங்கள் பார்ப்பது இதைத்தான்.

ரீசெட் என்று எல்லோரும் சொல்வதன் சரியான பெயர் த்ராட்டில் பாடி அடாப்டேஷன். தகடு முழுதாக மூடும் இடம் எது, மின்சாரம் இல்லாதபோது ஸ்பிரிங் அதை எங்கே நிறுத்துகிறது என்று இசியுவை மறுபடி அளந்துகொள்ளச் சொல்கிறோம், அவ்வளவுதான்.

முதலில் ஆட்டோ ஸ்கேன் (வண்டி பதிந்துவைத்திருக்கும் கோளாறுகளின் முழுப் பட்டியல்) எடுத்து அந்த ஃபைலை சேமித்து வையுங்கள். இதை நான் எத்தனை முறை சொன்னாலும் யாரும் கேட்பதில்லை. ஸ்கேனரை மாட்டிய மறுநொடி எரர் கோடுகளை (கோளாறைக் குறிக்கும் எண்களை) அழித்துவிடுகிறார்கள். வண்டியில் என்ன கோளாறு இருந்தது என்பதற்கு இருந்த ஒரே சாட்சி அதோடு போய்விடும். பழைய எரர் கோடு இல்லாமல் வரும் வண்டியில் நான் முதலிலிருந்து தேட வேண்டியிருக்கிறது, அந்த நேரத்துக்கும் நீங்கள்தான் பணம் கட்டுகிறீர்கள்.

சேமித்த பிறகு எரர் கோடுகளை அழியுங்கள். சாவியைத் திருப்பி இக்னிஷனை ஆன் செய்யுங்கள், எஞ்சினை ஸ்டார்ட் செய்யக் கூடாது. காலை ஆக்சிலேட்டரிலிருந்து எடுத்துவிடுங்கள். மென்பொருளில் எஞ்சின் பகுதிக்குள் போய், பேசிக் செட்டிங்ஸில் 060 என்ற குரூப்பைக் கொடுங்கள். பானெட்டைத் திறந்துவைத்திருந்தால் த்ராட்டில் பாடியிலிருந்து மெல்லிய ரீங்காரமும் ஓரிரு 'டிக்' சத்தமும் கேட்கும். திரையில் சதவீத எண்கள் ஓடும், கடைசியில் ஏடிபி ஓகே (ADP OK), அதாவது அடாப்டேஷன் முடிந்தது என்று வரும். ஒரு நிமிஷம்கூட ஆகாது. இக்னிஷனை அணைத்துவிட்டுக் கொஞ்சம் பொறுத்து ஸ்டார்ட் செய்யுங்கள். ஏசி போடாமல் சில நிமிஷம் ஓடவிட்டு, அப்புறம் ஒரு சுற்று ஓட்டிவிட்டு வாருங்கள். புது வண்டிகளில் குரூப் எண் இருக்காது, பட்டியலில் பெயரைப் பார்த்துத் தேர்வு செய்ய வேண்டும்.

ஓகே வராமல் எரர் என்று வந்தால்? இந்த இடத்தில்தான் நிறையப் பேர் ஏமாறுகிறார்கள், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். எரர் வந்தாலே த்ராட்டில் பாடி போய்விட்டது என்று எழுதிக் கொடுத்துவிடுகிறார்கள். உண்மையில் பெரும்பாலும் குற்றவாளி பேட்டரி. வோல்ட்டேஜ் குறைவாக இருந்தால் இசியு இந்த வேலையை ஆரம்பிக்கவே சம்மதிக்காது, அல்லது பாதியில் விட்டுவிடும். என்னிடம் ஒரு ஃபோக்ஸ்வேகன் வெண்டோ வந்தது. ஏற்கெனவே ஓர் ஒர்க்‌ஷாப்பில் புது த்ராட்டில் பாடியே மாட்டியிருந்தார்கள், அப்போதும் எரர். பழையதை உரிமையாளர் ஒரு துணிப்பையில் சுற்றிக் கொண்டுவந்திருந்தார். தகட்டை விரலால் தள்ளிப் பார்த்தேன், வெண்ணெய் மாதிரி நகர்ந்தது. இக்னிஷன் ஆனில் பேட்டரியை அளந்தால் 11.2 வோல்ட். சார்ஜரை மாட்டிக் காத்திருந்து, பழைய த்ராட்டில் பாடியையே திரும்பப் பொருத்தினேன். முதல் முயற்சியிலேயே ஓகே வந்தது. அந்த மனிதர் பில்லைக் கையில் வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் பேசாமல் நின்றார்.

ஆகவே ஹெட்லைட், ஃபேன், மியூசிக் எல்லாவற்றையும் அணைத்துவிட்டுச் செய்யுங்கள். இக்னிஷன் ஆனில் 12 வோல்ட்டுக்குக் கீழே இருந்தால் நான் தொடவே மாட்டேன், முதலில் சார்ஜ் ஏற்றுவேன். லேப்டாப் சார்ஜரை வண்டியின் சிகரெட் லைட்டர் சாக்கெட்டில் மாட்டாதீர்கள், அதுவும் இதே பேட்டரியைத்தான் உறிஞ்சும். நெடுந்தூரம் ஓட்டிவந்த சூட்டோடும் செய்ய வேண்டாம். எஞ்சின் ரொம்பச் சூடாக இருந்தாலும் இசியு மறுக்கும்.

நண்பரின் கேபிளைப் பற்றி ஒரு வார்த்தை. விசிடிஎஸ்ஸைத் தயாரிப்பது அமெரிக்காவின் ராஸ்டெக். முன்பு அதன் பெயர் வேக்-காம். அடிமாட்டு விலைக்கு ஆன்லைனில் விற்கும் கேபிள்களில் பெரும்பாலானவை போலிகள். மென்பொருளை அப்டேட் செய்ததும் செத்துப்போனவை எத்தனையோ பார்த்திருக்கிறேன். அதைவிட மோசம், பாதி வேலையில் தொடர்பு அறுந்துபோவது. போனோடு இணைக்கும் மலிவான புளூடூத் கருவிகள் எரர் கோடுகளைப் படிக்கும், அழிக்கும். இந்த அடாப்டேஷனை அவற்றால் செய்ய முடியாது.

'த்ராட்டில் ரெஸ்பான்ஸ் ரீசெட், பிக்கப் உத்தரவாதம்' என்று தனியாகப் பணம் கேட்பவர்களிடம் போகாதீர்கள். அவர்கள் செய்வதும் இதே ஒரு நிமிஷ வேலைதான். பெடலுக்கு மேலே மாட்டும் சின்னப் பெட்டி ஒன்றையும் காட்டுவார்கள். கால்வாசி மிதித்ததைப் பாதி மிதித்ததாக அது இசியுவிடம் சொல்லும். எஞ்சினின் சக்தி துளியும் கூடாது. உங்களுடையது மூன்று சிலிண்டர் வண்டி. கீழ் ரேஸில் கொஞ்சம் மந்தமாகத்தான் இருக்கும். சுத்தம் செய்வதற்கு முன்பு எப்படி ஓடியதோ அந்த நிலைக்குத் திரும்பும், அதை எதிர்பாருங்கள்.

த்ராட்டில் பாடியைச் சுத்தம் செய்தால் அடாப்டேஷனும் செய்தாக வேண்டும் என்று வண்டியோடு வரும் புத்தகத்தில் ஒரு வரி போட்டால் என்ன குறைந்துவிடும்? 2022 டிசம்பரில் மத்திய நுகர்வோர் துறை பழுதுபார்க்கும் உரிமைக்கென்று தனி வலைவாசலே திறந்தது, வாகனங்களும் அதில் ஒரு பிரிவு. ஆனாலும் தெருமுனை மெக்கானிக்குக்கு இந்த ஒரு நிமிஷ வேலையைச் சொல்லித் தர ஆளில்லை. தெரியாததால் அவர் பாகத்தை மாற்றச் சொல்கிறார். அவரை மட்டும் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

ஏடிபி ஓகே வந்தும் ரேஸ் ஏறி இறங்கினால், த்ராட்டில் பாடியைத் திரும்ப மாட்டியபோது அடியிலுள்ள ரப்பர் சீல் நசுங்கியிருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். அந்த வழியாகக் காற்று திருட்டுத்தனமாகப் புகும். த்ராட்டில் பாடியை விடப் பல மடங்கு மலிவான பொருள் அது. அதுவும் நன்றாக இருந்தால், சேமித்து வைத்த ஸ்கேன் ஃபைலை எனக்கு அனுப்புங்கள். அதைப் பார்க்காமல் அடுத்து எதையும் மாற்றச் சொல்ல மாட்டேன்.