துப்பாக்கிக் குழலைத் துடைக்க எத்தனை சாமான் வேண்டும்?

கேள்வி: ஒன்ராறியோவில் வசிக்கிறேன். மான் வேட்டைக்கென்று பழைய .308 போல்ட் ரைபிள் (பின்புறப் பூட்டான போல்ட்டைக் கையால் இழுத்துத் திறப்பது) ஒன்றை உரிய அனுமதியோடு வாங்கியிருக்கிறேன். குழலைத் துடைக்க 28 சாமான்கள் அடங்கிய பெட்டியைக் கடையில் 90 டொலருக்குக் காட்டுகிறார்கள். வாங்கலாமா?

பதில்: வேண்டாம். இப்படிப்பட்ட பெட்டிகளில் பெரும்பகுதி மற்றவர்களின் துப்பாக்கிகளுக்கான தூரிகைகள்தான். சிறிய .22 குழல் முதல் ஷாட்கன்னின் 12 கேஜ் குழல் வரை எல்லா அளவும் இருக்கும், உங்கள் .308-க்கு வேண்டியது .30 அளவுத் தூரிகை ஒன்று. எண்ணிக்கையைக் காட்டி விலையை ஏற்றும் பழைய வித்தை இது.

அதைவிட எனக்குப் பிடிக்காதது அதிலுள்ள கோல். மூன்று நான்கு துண்டுகளைத் திருகிப் பொருத்தும் அலுமினியக் கோல் அழுத்தும்போது வளையும். இணைப்புகள் குழலின் உள்ளே உரசும். அலுமினியம் மென்மையானது என்பதால் மணல் துகள் அதில் பதிந்து அரம்போல் வேலை செய்யும். தோட்டா கடைசியாகத் தொட்டுவிட்டுப் போகும் இடம் குழலின் வாய்முனை. அந்த விளிம்பு ஒரு பக்கம் மட்டும் தேய்ந்தால் வெடிவாயு அந்தப் பக்கமாக முந்திக்கொண்டு வெளியேறித் தோட்டாவைச் சற்றுத் தள்ளிவிடும். குறி ஏன் தவறுகிறது என்று தொலைநோக்கியைத் திருகிக்கொண்டிருப்பவர்களில் சிலர் வாய்முனையைப் பார்த்தாலே விடை தெரிந்துவிடும். அழுக்கைவிட அவசரத் துடைப்பினால் கெட்ட குழல்களே அதிகம் என்பது என் எண்ணம்.

ஆகவே பணத்தைக் கோலில் போடுங்கள். ஒரே துண்டாலான, பிளாஸ்டிக் பூசிய எஃகுக் கோலோ கார்பன் ஃபைபர் கோலோ போதும். கைப்பிடி தானாகச் சுழல வேண்டும். அப்போதுதான் தூரிகை குழலின் சுருள்வரிகளைப் பின்பற்றித் திரும்பும். போல்ட் இருந்த இடத்தில் செருகும் வழிகாட்டிக் குழாய் ஒன்றும் வாங்குங்கள். கோல் நடுவே செல்லவும் திரவம் விசைப் பகுதியில் ஒழுகாமல் இருக்கவும் அது உதவும். பிறகு ஒரு போத்தல் கரைப்பான், கொஞ்சம் எண்ணெய். துணித்துண்டுகளை விலை கொடுத்து வாங்க வேண்டியதில்லை, பழைய பருத்திப் பனியன் போதும்.

துப்பாக்கியில் தோட்டா இல்லை என்பதைக் கண்ணாலும் விரலாலும் உறுதி செய்துவிட்டு, போல்ட்டைக் கழற்றிப் பின்புறமிருந்தே துடையுங்கள். கரைப்பானில் நனைத்த துணியை ஓட்டிப் பத்து நிமிடம் பொறுத்து, பிறகு தூரிகை. தூரிகை முழுவதும் வெளியே வந்த பிறகே திருப்பி இழுக்க வேண்டும். நடுவில் திருப்பினால் சிக்கிக்கொள்ளும். கடைசியில் உலர்ந்த துணி, மெல்லிய எண்ணெய்ப் பூச்சு. வேட்டைக்குப் போகுமுன் அந்த எண்ணெயையும் துடைத்தெடுத்துவிடுங்கள். இல்லாவிட்டால் முதல் தோட்டா வேறு இடத்தில் போய் விழும். தோட்டா அறையில் எண்ணெய் தங்கினால் வெடிக்கும்போது போல்ட்டின் மீது விழும் விசையும் கூடும்.

ஒவ்வொரு முறை சுட்ட பிறகும் பளபளவென்று தேய்க்க வேண்டுமா என்றால், இல்லை. மழையோ பனியோ பட்டால் அன்றே துடையுங்கள். மற்றபடி குறி தளரும்போது செய்தால் போதும். கடுங்குளிரிலிருந்து சூடான வீட்டுக்குள் கொண்டுவந்தவுடன் உறையைத் திறக்காதீர்கள். குளிர்ந்த இரும்பில் நீர் பூக்கும். சில மணி நேரம் கழித்துத் திறந்து துடையுங்கள்.

கேள்வி: செம்பு நீக்கும் திரவம் வாங்கினேன். எத்தனை முறை துடைத்தாலும் துணி நீலமாகவே வருகிறது. திரவம் போலியா?

பதில்: திரவம் நன்றாகவே வேலை செய்கிறது, உங்கள் தூரிகையின் மீதும் சேர்த்து! தோட்டாவின் மேலுறை விட்டுச்சென்ற செம்பைக் கரைத்து நீலமாக்குவது அதிலுள்ள அமோனியா. வெண்கலத் தூரிகையிலும் துணியைப் பிடிக்கும் பித்தளை முனையிலும் செம்பு உண்டு. நைலான் தூரிகைக்கும் பிளாஸ்டிக் முனைக்கும் மாறிப் பாருங்கள். போத்தலில் எழுதியிருக்கும் நேரத்துக்கு மேல் குழலில் ஊறவிடாதீர்கள். ஜன்னலைத் திறந்துவையுங்கள், இரண்டு திரவங்களைக் கலக்காதீர்கள், முடிந்ததும் கையைக் கழுவுங்கள். குழலிலிருந்து வரும் கரியில் ஈயமும் இருக்கிறது.

கேள்வி: நண்பர் தந்த பழைய சோவியத் இராணுவத் தோட்டாக்களை மொசின் நகாந்த் என்ற பழைய ரஷ்ய இராணுவ ரைபிளில் சுட்டேன். வழக்கமான கரைப்பானால் துடைத்தும் சில நாட்களில் குழலில் துரு. கடைக்காரரிடம் சண்டை போடலாமா?

பதில்: கடைக்காரர் பாவம். அந்தக் காலத் தோட்டாக்களின் பற்றவைக்கும் மருந்தில் பொட்டாசியம் குளோரேட் இருந்தது. அது எரிந்தால் மிஞ்சுவது பொட்டாசியம் குளோரைடு, உப்பு வகை. காற்றிலுள்ள ஈரத்தை இழுத்து இரும்பைத் தின்னும். எண்ணெய் கலந்த கரைப்பானில் உப்பு கரையாது, தண்ணீரில்தான் கரையும். சுட்ட அன்றே புனல் வைத்துப் பின்புறமிருந்து வெந்நீர் ஊற்றுங்கள். போல்ட்டின் முகப்பையும் கழுவுங்கள். நன்றாக உலர்த்தி, வழக்கம்போல் துடைத்து எண்ணெய் பூசுங்கள். செலவு ஒரு கெண்டி வெந்நீர். இப்போது பிடித்திருக்கும் துரு மேலோட்டமானதென்றால் எண்ணெயும் வெண்கலத் தூரிகையும் பெரும்பாலும் எடுத்துவிடும். குழி விழுந்திருந்தால் அந்தக் குழி போகாது.