தாய்ஷான்: பாட்டியைப் பார்க்கப் படியேறலாமா?

கேள்வி: எனக்கு 61 வயது. வலது முழங்காலில் மூட்டுத் தேய்மானம். பெய்ஜிங்கில் வேலை பார்க்கும் மகள், சீனாவின் பழைய சமயங்களில் ஒன்றான தாவோ சமயத்தாரின் புனித மலை தாய்ஷானுக்கு அழைத்துப்போகிறேன் என்கிறாள். ஆறாயிரம் படிக்கு மேல் என்கிறார்களே, நான் போகலாமா? இல்லை, அடிவாரத்திலேயே உட்கார்ந்துகொள்ளட்டுமா?
– ஓய்வுபெற்ற ஆசிரியை

பதில்: தாராளமாகப் போங்கள் அம்மா. பெய்ஜிங்–ஷாங்காய் அதிவேக ரயில் பாதையிலேயே, ஷான்டோங் மாகாணத்தில், தாய்ஆன் நகரம் இருக்கிறது. பெய்ஜிங்கிலிருந்து சுமார் 2 மணி நேரம். மலை அந்த ஊரிலேயே தொடங்குகிறது. தியன்வாய்சுன் என்ற இடத்திலிருந்து, பாதி மலையில் இருக்கும் ஜோங்தியன்மென் வாசல் வரை பேருந்து போகும். அங்கிருந்து உச்சிக்குப் பக்கத்திலுள்ள நான்தியன்மென் வாசல் வரை ரோப் கார். அதற்கு மேல் கொஞ்சம் படி ஏறித்தான் ஆகவேண்டும். மகளின் கையைப் பிடித்துக்கொண்டு, உட்கார்ந்து உட்கார்ந்து போங்கள். கிளம்புமுன் மூட்டு மருத்துவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

ஒரே ஒரு வேண்டுகோள். பேருந்திலிருந்து ரோப் கார், ரோப் காரிலிருந்து உச்சி என்று ஒரே மூச்சில் முடித்துவிடாதீர்கள். முதலில் ஊருக்குள் இருக்கும் தாய்மியாவ் கோயிலுக்குப் போங்கள். மலைத்தெய்வத்தின் கோயில் அது. பெரும்பாலும் சமதரை, நிழலுக்குப் பழைய மரங்கள். தியன்குவாங் மண்டபத்தின் சுவரில் சுமார் 62 மீட்டர் நீளத்துக்கு, மலைத்தெய்வம் பரிவாரத்தோடு புறப்பட்டுப் போவதையும் திரும்பி வருவதையும் வரைந்திருக்கிறார்கள். மலையேறப்போகிறவர் பார்க்கவேண்டிய ஓவியம் அது. அவசரப்படாமல் நின்று பாருங்கள்.

அடுத்து, ஜோங்தியன்மென்னில் இறங்கியதும் ரோப் கார் வரிசையில் போய் நிற்காமல், படிப்பாதையில் கொஞ்ச தூரம் நடங்கள். அந்த இடத்தில் பாதை ஏறக்குறைய சமமாகப் போகிறது. கீழேயிருந்து ஏறி வந்தவர்கள் சற்று இளைப்பாறியபடி நடக்கும் பகுதி. போய்விட்டு அதே வழியில் திரும்பி வந்து ரோப் கார் ஏறலாம். உச்சியிலுள்ள கடைகளுக்குச் சரக்கைத் தோளில் தூக்கிப் போகிறவர்களையும் இந்தப் பாதையில்தான் பார்க்க முடியும். ஒரு கம்பு, இரு முனையிலும் சுமை. படியில் அவர்கள் நேராக ஏறுவதில்லை. இடது ஓரத்திலிருந்து வலது ஓரம், அங்கிருந்து மறுபடி இடது ஓரம் என்று சாய்வாகவே ஏறுகிறார்கள். ஓரத்துக்கு வந்ததும் கம்பைத் தோள் மாற்றிக்கொள்கிறார்கள். தூரம் கூடுகிறது, ஆனால் மூச்சு மிச்சமாகிறது. படியேறும்போது நீங்களும் அப்படி ஏறிப் பாருங்கள்.

நான்தியன்மென்னுக்குக் கீழே இருக்கும் செங்குத்தான 1,600க்கும் மேற்பட்ட படிகள் உங்களுக்கு வேண்டாம். வாசலில் நின்று எட்டிப் பார்த்தாலே போதும். இறங்கும்போதும் ரோப் கார்தான். ஏற்றத்தைவிட இறக்கம்தான் முழங்காலைப் பதம் பார்க்கும். காலில் மாட்டிக்கொண்டு நடக்கும் இயந்திரக் கருவிகளை 2025 தொடக்கத்திலிருந்து அங்கே வாடகைக்குத் தருகிறார்கள். தேய்மானம் உள்ளவர் மருத்துவரைக் கேட்காமல் அதை மாட்டிக்கொள்ளக் கூடாது என்பது என் கருத்து.

கேள்வி: தாவோ சமயம் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது. வெறும் சுற்றுலாப் பயணியாகக் கோயிலுக்குள் போவது கூச்சமாக இருக்கிறது. யாரைக் கும்பிடுகிறார்கள்? நான் கும்பிடலாமா?
– பொறியியல் மாணவர்

பதில்: இந்தக் கூச்சம் உள்ளவர்தான் தம்பி, அங்கே போகவேண்டும்.

தாய்ஷான், சீனாவின் ஐந்து பெருமலைகளில் கிழக்கு மலை. கிழக்கு என்றால் சூரியன் எழும் திசை, உயிர் தொடங்கும் திசை. அதனால் பிறப்பும் இறப்பும் இந்த மலைத்தெய்வத்தின் கையில் என்பது அவர்கள் நம்பிக்கை. சீனாவை ஒன்றாக்கிய முதல் பேரரசர் சின் ஷி ஹுவாங் கி.மு. 219இல் இங்கே ஏறி வானத்துக்கு வழிபாடு செய்தார். கடைசியாக அந்தப் பெருஞ்சடங்கைச் செய்தவர் சொங் வம்சத்துப் பேரரசர் ஜென்சொங், 1008இல். டாங் வம்சத்துப் பேரரசர் சுவான்சொங் 726இல் பாறையில் வெட்டுவித்த எழுத்துகள் உச்சிக்குப் போகும் வழியில் இன்றும் பொன்னிறத்தில் தெரிகின்றன. வழிகாட்டிகள் உங்களை அதன் முன்னால்தான் அதிக நேரம் நிறுத்துவார்கள்.

எனக்கு அரசர்களைவிட முக்கியம், இந்த மலைக்கு ஏறி வரும் சாதாரண ஜனங்கள். அவர்கள் வருவது பிஷியா யுவான்ஜுன் என்ற தேவியைப் பார்க்க. ஜனங்கள் வாயில் அவள் ‘தாய்ஷான் பாட்டி’. பிள்ளை வரம் கேட்பவர்கள், கண் நோய் தீர வேண்டுபவர்கள், பேரன் பேத்தியின் படிப்புக்காக வருபவர்கள், எல்லாரும் அவளிடம்தான் போகிறார்கள். பிள்ளை தரும் தேவியும் கண்ணொளி தரும் தேவியும் அவளோடு சேர்த்தே வணங்கப்படுகிறார்கள். உச்சிக்குச் சற்றுக் கீழே அவள் கோயில். காற்று பிய்த்தெடுக்கும் இடம் என்பதால் நடு மண்டபத்துக்கு வெண்கல ஓடு, பக்க மண்டபங்களுக்கு இரும்பு ஓடு போட்டிருக்கிறார்கள். நான் போனபோது பஞ்சு வைத்த கோட்டுப் போட்ட ஒரு கிராமத்துப் பாட்டி, மெத்தையில் மண்டியிட்டு, பக்கத்து வீட்டாரிடம் பேசுவதுபோலச் சத்தமாகவே குறை சொல்லிக்கொண்டிருந்தார். யாரும் அவரை எழுப்பவில்லை. அவர் முடிக்கும்வரை பின்னால் இருந்தவர்கள் காத்திருந்தார்கள். தாய்ஷானில் நான் பார்த்தவற்றில் அதைத்தான் முதலில் சொல்வேன்.

நீங்களும் கும்பிடலாம், யாரும் தடுக்கமாட்டார்கள். வாசற்படியை மிதிக்காமல் தாண்டி உள்ளே போங்கள். வலது கையை மடக்கி அதன்மேல் இடது கையை வைத்து, நெஞ்சுக்கு நேராகப் பிடித்துத் தலை தாழ்த்துவது அவர்கள் வணக்கம். ஊதுபத்தி மூன்று போதும். கட்டுக்கட்டாகக் கொளுத்துவதால் பக்தி கூடிவிடாது. பத்தி வைக்க வளாகத்தில் தனி இடம் உண்டு, மலைப்பாதையில் எங்கும் தீ மூட்டக் கூடாது. சந்நிதிக்குள் படம் எடுக்காதீர்கள். கொண்டை போட்ட துறவிகளைத் ‘தாவ்ஜாங்’ என்று அழையுங்கள். ஆண், பெண் இருவருக்கும் அதுதான். அவர்களிடம் வயதைக் கேட்கக் கூடாது. தாவோ துறவிகள் வயதைப் பற்றிப் பேசுவதில்லை.

கேள்வி: இரவு முழுவதும் ஏறிச் சூரிய உதயம் பார்க்க நண்பர்களோடு திட்டமிட்டிருக்கிறேன். எந்த மாதம் நல்லது?
– வாசகர்

பதில்: செப்டம்பர் கடைசி வாரங்களிலும் அக்டோபர் நடுவிலும் வானம் தெளிவாக இருக்க வாய்ப்பு அதிகம். மே 1, அக்டோபர் 1 விடுமுறை நாட்களில் போகவே போகாதீர்கள். படியில் கால் வைக்க இடம் இருக்காது. ஜூலை, ஆகஸ்ட் மழைக்காலம். உச்சியில் அடிவாரத்தைவிட நல்ல குளிர் இருக்கும். வியர்த்துப்போய் ஏறியவர்கள் விடியும்வரை காற்றில் நிற்கும்போதுதான் அவதிப்படுகிறார்கள். மாற்றுச் சட்டை கட்டாயம். கனமான கோட்டு மேலேயே வாடகைக்குக் கிடைக்கும்.

ஆனால் உதயத்தை மட்டும் நம்பிப் போகாதீர்கள். மேகம் மூடிய நாட்கள் நிறைய. இருட்டில் ஏறினால் வழியெல்லாம் இருக்கும் பாறை எழுத்துகளையும் கோயில்களையும் தவறவிடுவீர்கள். பகலில் ஹோங்மென் வாசலிலிருந்து ஏறுங்கள். கன்பூசியஸ் ஏறிய இடம் என்று 1560இல் எழுப்பிய கல் வளைவு தொடக்கத்திலேயே வரும். கொஞ்சம் விலகிப்போனால், வைர சூத்திரம் என்ற பௌத்த நூலை அரை மீட்டர் அளவு எழுத்துகளில் ஓடைப்பாறைமேல் வெட்டியிருப்பதைப் பார்க்கலாம். தாவோ மலையில் பௌத்த நூல்! அதற்காகவே அந்தக் கிளைப்பாதையில் போகவேண்டும். இரவு உச்சியில் தங்கி விடியலில் எழுந்துகொள்ளுங்கள். வானம் மூடியிருந்தாலும், கூட்டம் வருமுன் பாட்டியின் கோயிலுக்குப் போகலாம். உச்சிப் பாறையில் 1545 மீட்டர் என்று பொறித்திருக்கிறது. அந்தப் பாறை, தாவோ சமயத்தார் வானுலக அரசராக வணங்கும் ஜேட் பேரரசரின் கோயில் முற்றத்துக்குள் இருக்கிறது. சுற்றிலும் கம்பி, கம்பி தெரியாதபடி பூட்டுகளும் சிவப்பு நாடாக்களும்.

கேள்வி: சுத்த சைவம். பட்டினிதானா?
– இல்லத்தரசி

பதில்: இல்லை. தாய்ஆனில் முட்டைக்கோஸ் வகைக் கீரையும் டோஃபுவும் பேர்போனவை. ஆனால் சூப் இறைச்சிச் சாற்றில் கொதித்ததா என்று ஒவ்வொரு முறையும் கேளுங்கள். ‘வோ ச்சி சூ’ என்றால் ‘நான் சைவம்’. சீன எழுத்தில் எழுதி வைத்துக்கொண்டால் இன்னும் நல்லது. தானிய மாவில் காகிதம் போல மெல்லியதாகச் சுட்டு வெங்காயத்தாள் வைத்துச் சுருட்டித் தரும் ஜியான்பிங் வயிறு நிறைக்கும். முட்டை, இறைச்சி வேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லுங்கள். படிப்பாதையில் வெள்ளரிக்காய் விற்பார்கள், வாங்கிச் சாப்பிடுங்கள். மேலே போகப்போக விலை ஏறும். தோளில் தூக்கி வந்த சரக்கு, பேரம் பேச வேண்டாம்.