ஒளிக்க ஒன்றும் இல்லாதவரின் அந்தரங்கம்

அன்புள்ள ஐயா,

வணக்கம். 2017-ல் வந்த அந்தரங்க உரிமைத் தீர்ப்பைப் பற்றி நீங்கள் எழுதிய கட்டுரையைப் படித்தேன். அந்தரங்கம் இல்லாத இடத்தில் மக்கள் தங்களைத் தாங்களே ஆள்வதும் நடக்காது என்று எழுதியிருந்தீர்கள். எனக்கு அது ஒப்பவில்லை.

நான் குடியாத்தம் பக்கத்துக் கிராமத்துக்காரி. ஒரு இ-சேவை மையத்தில் ஒப்பந்த வேலை. சாதிச் சான்று, வருமானச் சான்று, முதியோர் பென்ஷன் என்று காலையிலேயே வரிசை நிற்கும். ஆதார், ரேஷன் கார்டு, பாஸ்புக் எல்லாவற்றையும் மேஜையில் வைத்துவிடுவார்கள். ஓடிபி வந்தால் வரிசையில் நிற்கிற எல்லார் காதிலும் விழுகிற மாதிரி சத்தமாகச் சொல்வார்கள். அந்தரங்கம் போய்விட்டது என்று ஒருவரும் வருத்தப்பட்டதில்லை. வந்த வேலை முடிந்தால் போதும் அவர்களுக்கு.

என் அம்மா சின்ன வயதிலிருந்து பீடி சுற்றுகிறார். விரல் தேய்ந்துபோய் ரேஷன் கடை மிஷினில் ரேகை விழுவதில்லை. புடவையில் துடைத்துத் துடைத்து மறுபடி மறுபடி வைப்பார். அப்போதும், "கவர்மெண்டு குடுக்குது, அது கேக்கத்தான கேக்கும்" என்றுதான் சொல்வார். என் மாமா இன்னும் ஒரு படி மேலே போய், "தப்பு பண்ணாதவனுக்கு இன்னா பயம்?" என்பார். எங்கள் தெருவில் யார் வீட்டில் என்ன குழம்பு என்பது வரை எல்லோருக்கும் தெரியும். நீங்கள் சொல்வது பங்களாக்காரர்களின் கவலை என்று எனக்குத் தோன்றுகிறது. ஓட்டுப் போடுகிறோம், பிடிக்கவில்லை என்றால் அடுத்த முறை மாற்றுகிறோம். அது போதாதா?

இதை வெளியிட்டால் என் பெயரும் மையத்தின் பெயரும் வேண்டாம் ஐயா. வேலைக்குப் பிரச்சினை வரும்.

பெயர் வேண்டாம்
குடியாத்தம் வட்டம்

*

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் பெயரை எடுத்துவிட்டேன். மையம் எது என்று ஊகிக்க வைக்கும் இரண்டு வரிகளையும் நீக்கியிருக்கிறேன்.

நீங்கள் எந்தத் தப்பும் செய்யவில்லை. ஒரு கருத்தைச் சொல்லியிருக்கிறீர்கள், அதுவும் அரசுக்குச் சாதகமான கருத்து. அப்படியும் பெயர் வேண்டாம் என்கிறீர்கள். உங்கள் வேலையை நீட்டிக்கவோ நிறுத்தவோ கூடியவர் ஒருவர் இருக்கிறார்; அவர் எதை எப்படி எடுத்துக்கொள்வார் என்று உங்களால் சொல்ல முடியாது. உங்கள் பயத்துக்கு அது போதும். மாமாவின் கேள்விக்கு என் பதிலும் அதுதான். தன் மேல் அதிகாரம் உள்ளவர் நாளைக்கு எப்படி இருப்பார் என்பது தப்பு செய்யாதவனுக்கும் தெரியாது. இன்றைக்கு நல்லவர் உட்கார்ந்திருக்கும் நாற்காலியில் நாளைக்கு வேறொருவர் வருவார். முன்னவர் சேர்த்து வைத்த பட்டியல் அவர் கைக்கு அப்படியே போகும்.

தெருவுக்குத் தெரிவதும் அரசுக்குத் தெரிவதும் ஒன்றல்ல. எதிர்வீட்டுக்காரருக்கு உங்கள் வீட்டுக் குழம்பு தெரியும், அவர் வீட்டுக் குழம்பு உங்களுக்கும் தெரியும். அவரால் உங்கள் பென்ஷனை நிறுத்த முடியாது. ஆனால் தெருவின் பார்வை எல்லோருக்கும் இதமானது என்றும் நான் சொல்ல மாட்டேன். வேறு சாதிப் பையனோடு பேசிய பெண்ணைக் கேளுங்கள், ஊர்த் தெருவில் செருப்புப் போட்டு நடக்கக் கூடாது என்று தடுக்கப்பட்ட தலைமுறையைக் கேளுங்கள். 1989 முதல் 1996 வரை நம் மாவட்டத்துக்கே அம்பேத்கரின் பெயர் இருந்தது. கிராமத்தை மெச்சுவதை அவர் ஏற்றுக்கொண்டதே இல்லை என்பதை இங்கே நினைத்துக்கொள்ள வேண்டும்.

ஓட்டு போதாதா என்று கேட்கிறீர்கள். எனக்கு அதிகம் பேச வேண்டியிருப்பது இதைப் பற்றித்தான்.

நீங்கள் ஓட்டுப் போடும் அந்த அட்டை மறைப்பு எதற்கு இருக்கிறது? உள்ளே நிற்கும் அந்த அரை நிமிடம், புருஷனுக்கும் தெரியாது, முதலாளிக்கும் தெரியாது, கட்சிக்காரருக்கும் தெரியாது, கலெக்டருக்கும் தெரியாது. ஜனநாயகம் தொடங்குகிற இடமே ஓர் அந்தரங்கம். இது ஆதியிலிருந்து இருந்ததில்லை. ஆஸ்திரேலியக் குடியேற்றப் பகுதிகளில் 1856-ல் ரகசிய வாக்குச்சீட்டு வந்தது. பிரிட்டனில் 1872-ல்தான் சட்டமானது. அதுவரை இங்கிலாந்தில் நிலக்கிழார் பார்த்துக்கொண்டிருக்க, குத்தகைக்காரன் எல்லோர் முன்னாலும் வாய்விட்டுச் சொல்லித்தான் ஓட்டுப் போட்டான். அவனுக்கும் ஓட்டுரிமை இருந்தது. தன் ஓட்டைத் தான் போடும் உரிமை இல்லை.

நம் நாட்டில் ஒரு விசித்திரம் 2013 வரை நடந்தது. யாருக்கும் ஓட்டுப் போட விரும்பாதவர், 49-ஓ விதிப்படி, சாவடி அதிகாரியிடம் அதைச் சொல்லிப் பதிவேட்டில் கையெழுத்தோ கைநாட்டோ வைக்க வேண்டும். ஏஜெண்டுகள் எல்லாம் சுற்றி உட்கார்ந்திருப்பார்கள். அத்தனை பேர் நடுவில் "எனக்கு உங்களில் ஒருவரையும் பிடிக்கவில்லை" என்று சொல்லும் தைரியம் கிராமத்தில் எத்தனை பேருக்கு வரும்? 2013 செப்டம்பர் 27-ல் உச்ச நீதிமன்றம் இது வாக்கின் ரகசியத்தை மீறுகிறது என்று தீர்ப்பளித்தது. நோட்டா பொத்தான் அப்படி வந்ததுதான்.

வாக்கின் ரகசியத்தில் இன்னொரு பொத்தல் இன்றும் அடைபடவில்லை. வாக்குச்சீட்டுக் காலத்தில், தேவை என்று கருதிய இடங்களில் பல சாவடிகளின் சீட்டுகளைக் கலந்து எண்ணுவதற்கு 59-ஏ விதி இடம் கொடுத்தது. எந்திரம் வந்தபின் ஒவ்வொரு சாவடியின் கணக்கும் தனித்தனியாக வெளியே வருகிறது. ஒரு சாவடியில் ஆயிரம் சொச்சம் ஓட்டு, அதாவது இரண்டு மூன்று தெரு, ஒரு காலனி. தனி ஆளின் ஓட்டு தெரியாது, தெருவின் ஓட்டு தெரிந்துவிடும். அப்புறம் அந்தத் தெருவுக்குக் குழாய் வருமா, விளக்கு வருமா என்பதை எவரும் கணக்குப் போட்டுக்கொள்ளலாம். பல எந்திரங்களின் ஓட்டை ஒன்றாகக் கூட்டிச் சொல்லும் டோட்டலைசர் கருவியைத் தேர்தல் ஆணையம் 2008-லேயே முன்மொழிந்தது. சட்ட ஆணையம் தன் 255-வது அறிக்கையில் 2015-ல் ஆதரித்தது. இதுவரை நடைமுறைக்கு வரவில்லை. 2019-ல் பணம் பிடிபட்டு நம் வேலூர் மக்களவைத் தேர்தலே ரத்தாகி, ஆகஸ்ட் 5-ல் தனியாக நடந்தது உங்களுக்கு நினைவிருக்கும். பணம் வாங்கியவர்கூட மனதுக்குப் பிடித்தவருக்குப் போட முடிகிறது என்றால் அந்த மறைப்பு ஒன்றால்தான். சாவடிக் கணக்கு அதைத் தெரு அளவில் திறந்து காட்டிவிடுகிறது.

ஓட்டுக்கும் அடுத்த ஓட்டுக்கும் நடுவில் ஐந்து வருடம் இருக்கிறது. அந்தக் காலத்தில் மக்கள் சங்கம் சேர்கிறார்கள், மனு எழுதுகிறார்கள், ரோட்டில் உட்கார்கிறார்கள். சுயாட்சியின் பெரும்பகுதி அங்கேதான் நடக்கிறது, மறைப்பு இல்லாமல். 1983-ல் மேற்கு ஜெர்மனியில் மக்கள்தொகைக் கணக்கெடுப்பை எதிர்த்து வழக்குப் போட்டார்கள். டிசம்பர் 15 அன்று அந்த நாட்டு அரசியல் சாசன நீதிமன்றம் சொன்னதன் சாரம் இது: ஒரு கூட்டத்துக்குப் போனால் தன் பெயர் பதிவாகுமோ என்று அஞ்சுகிறவர் அந்தக் கூட்டத்துக்கே போகாமல் இருந்துவிடக்கூடும், அதனால் கெடுவது அந்த ஒருவரின் வாழ்க்கை மட்டுமல்ல, பொதுநலனும்தான். ஹிட்லர் காலப் பட்டியல்களைக் கண்ட நாடு சொன்ன வார்த்தை அது. அமெரிக்காவில் அலபாமா மாநிலம் கறுப்பின மக்களின் உரிமை அமைப்பான என்.ஏ.ஏ.சி.பி.யிடம் உறுப்பினர் பட்டியலைக் கேட்டது. பட்டியல் போனால் உறுப்பினர்களுக்கு வேலை போகும், அடி விழும். கொடுக்க வேண்டியதில்லை என்று 1958-ல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் ஒருமனதாகச் சொன்னது. ஆம்பூரில் ஷூ தைக்கும் பெண்கள் சங்கம் வைக்க நினைத்தால் முதல் கவலை என்ன என்று அவர்களையே கேட்டுப் பாருங்கள். யார் யார் சேர்ந்தார்கள் என்பது முதலாளிக்கு எப்போது தெரியும் என்பதாகத்தான் இருக்கும். பங்களாக்காரர்களுக்குச் சங்கம் தேவைப்படுவதில்லை.

நம் ஊரே இதை ஒருமுறை ரத்தத்தால் எழுதியிருக்கிறது. வேலூர்க் கோட்டைக்குள் 1806 ஜூலை 10-ல் சிப்பாய்கள் எழுந்ததற்குத் திப்புவின் பிள்ளைகள் அங்கே காவலில் இருந்ததும் ஒரு காரணமாகச் சொல்லப்படும். உடனடிக் காரணம், நெற்றியில் திருநீறோ நாமமோ கூடாது, தாடியை மழி, மீசையை இந்த அளவுக்குக் கத்தரி, புதுத் தலைப்பாகையைப் போடு என்ற உத்தரவு. உழைப்பையும் உயிரையும் சம்பளத்துக்குக் கொடுத்தவர்கள் நெற்றியைக் கொடுக்க மறுத்தார்கள். ஒரே நாளில் அடக்கப்பட்டது. நூற்றுக்கணக்கான சிப்பாய்கள் செத்தார்கள். ஆனால் அந்த உத்தரவைக் கிழக்கிந்தியக் கும்பினி திரும்பப் பெற வேண்டியிருந்தது, சென்னை கவர்னர் பெண்டிங்கும் திரும்ப அழைக்கப்பட்டார். கைரேகையும் நமக்குப் புதிதல்ல. குற்றப் பரம்பரைச் சட்டத்துக்குத் தெற்கே ரேகைச் சட்டம் என்றே பெயர். பிறந்த சாதியைக் குற்றமாக்கி, ரேகை எடுத்து, ராத்திரி ஸ்டேஷனில் வந்து படுக்கச் சொன்ன சட்டம் அது. அவர்களில் பெரும்பாலானோர் எந்தத் தப்பும் செய்யாதவர்கள்.

சுதந்திரத்துக்குப் பிறகும் 1962-ல் கரக் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம், ராத்திரியில் போலீஸ் கதவைத் தட்டுவது கூடாது, ஆனால் அந்தரங்கம் அடிப்படை உரிமை இல்லை என்று பெரும்பான்மையாகச் சொன்னது. நீதிபதி சுப்பா ராவ் மாறுபட்டார். அவர் பக்கம் நீதிமன்றம் வந்து சேர 55 வருடம் ஆனது. 2017 ஆகஸ்ட் 24-ல் ஒன்பது நீதிபதிகளும் ஒருமித்தார்கள். அரசு கேட்கவே கூடாது என்று அவர்கள் சொல்லவில்லை. கேட்பதற்குச் சட்டம் இருக்க வேண்டும், நியாயமான நோக்கம் இருக்க வேண்டும், நோக்கத்துக்குத் தேவையான அளவுக்கு மேல் போகக் கூடாது.

ஆகவே, கொடுக்கிற அரசு கேட்கத்தானே கேட்கும் என்று உங்கள் அம்மா சொல்வதில் பாதி சரி. மகளிர் உரிமைத் தொகைக்கு வருடத்துக்கு 3,600 யூனிட்டுக்கு மேல் மின்சாரம் ஓடாத வீடா என்று பார்த்தார்கள். தகுதி பார்க்க அது வேண்டும்தான். ஒன்றுக்காக வாங்கியதை இன்னொன்றுக்குப் பயன்படுத்துவதையும், எவ்வளவு காலம் வைத்திருப்பார்கள், யார் பார்ப்பார்கள் என்று சொல்லாமல் இருப்பதையும்தான் நான் எதிர்க்கிறேன். அம்மாவின் ரேகையைப் பற்றி ஒன்று: ரேகை விழவில்லை என்பதற்காகத் தகுதியுள்ள எவருக்கும் பயன் மறுக்கப்படாது என்று ஆதார் வழக்கில் மத்திய அரசின் தலைமை வழக்கறிஞர் உறுதி தந்தார்; 2018 தீர்ப்பில் அது பதிவாகியிருக்கிறது. ரேஷன் அரிசி அவர் சட்டப்படி பெறும் பொருள். துடைத்துத் துடைத்து வைக்கும்போது அவர் கூச வேண்டிய அவசியம் இல்லை.

எனக்குக் கோபம் வருவது வேறொரு இடத்தில். 2023-ல் வந்த டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், மத்திய அரசு அறிவிக்கும் அரசு அமைப்புகளுக்கு மொத்தமாக விலக்குத் தர 17-வது பிரிவில் வழி வைத்திருக்கிறது. அதே சட்டத்தின் 44-வது பிரிவு தகவல் அறியும் உரிமைச் சட்டத்தைத் திருத்துகிறது. முன்பு, பொதுப்பணியோடு சம்பந்தம் இல்லாத, அல்லது ஒருவரின் அந்தரங்கத்தில் தேவையின்றி நுழைகிற தனிப்பட்ட தகவலைத்தான் மறுக்கலாம். திருத்தத்தில் அந்த நிபந்தனைகள் எடுக்கப்பட்டு, தனிப்பட்ட தகவல் என்றாலே மறுக்க இடம் வந்துவிட்டது. பொதுநலன் பெரிது என்றால் தரலாம் என்ற 8(2) பிரிவு மிச்சம் இருக்கிறது, ஆனால் அதை முதலில் முடிவு செய்வது தகவல் தர வேண்டிய அதிகாரியே. நூறு நாள் வேலை வருகைப் பதிவேட்டில் செத்தவர் பெயர் இருக்கிறதா என்று கேட்டால், அது தனிப்பட்ட தகவல் என்று பதில் வரலாம். தகவல் உரிமைக்கு 1997-லேயே சட்டம் போட்ட முதல் மாநிலம் நம்முடையது. நமக்கு இது வலிக்க வேண்டும். ஏழையின் கண்ணையும் விரலையும் கேட்கும் கை, தன் கணக்குப் புத்தகத்தை மட்டும் அந்தரங்கம் என்று மூடிக்கொள்கிறது.

பிடிக்காவிட்டால் அடுத்த முறை மாற்றலாம் என்கிறீர்கள். நம் மாவட்டத்துக் கிராம ஊராட்சிகளின் காலம் 2016 அக்டோபரில் முடிந்தது. அடுத்த தேர்தல் 2021 அக்டோபரில். ஐந்து வருடம் தனி அலுவலர்கள் ஆண்டார்கள். மாற்றுவதற்கு அடுத்த முறையே வரவில்லை.

உங்கள் ஊர்த் தெருமுனையில் கேமரா வைத்திருந்தால், அக்டோபர் 2 கிராம சபையில் இதைக் கேட்கச் சொல்லுங்கள்: யார் பணத்தில் வைத்தது, படம் எங்கே சேர்கிறது, எத்தனை நாள் இருக்கும், யார் கேட்டால் காட்டுவார்கள். கூடவே, ரேஷன் கடையில் போன மாதம் எத்தனை பேருக்கு ரேகை விழவில்லை, அவர்களுக்குப் பொருள் எப்படிக் கொடுத்தார்கள் என்றும். எண்ணிக்கை போதும், யாருடைய பெயரும் வேண்டாம். உங்கள் வேலையை வைத்து நீங்கள் எழுந்து பேச முடியாது என்பது எனக்குப் புரிகிறது. வார்டு உறுப்பினரோ மகளிர் குழுவில் யாரோ கேட்கட்டும். கேட்டதும் கிடைத்த பதிலும் தீர்மானப் புத்தகத்தில் ஏறியதா என்று கையெழுத்துப் போடுவதற்கு முன் பார்க்கச் சொல்லுங்கள்.