சாத்தானியம்: நீங்கள் கேட்டவையும் என் பதில்களும்

பல வருடங்களாக ஆன்டன் லாவே என்ற அமெரிக்கர் வகுத்த சாத்தானியத்தைப் படித்தும் கடைப்பிடித்தும் வருகிறேன். ஒரே மாதிரி வந்த கேள்விகளைச் சேர்த்துப் பதில் சொல்கிறேன்.

கேள்வி: சாத்தானைக் கும்பிடுகிறீர்களா?

இல்லை. 1966 ஏப்ரல் 30 இரவு சான் பிரான்சிஸ்கோவில் லாவே 'சர்ச் ஆஃப் சேட்டன்' (சாத்தான் சபை) என்ற அமைப்பைத் தொடங்கினார். அவர் வகுத்த வழியில் கும்பிடக் கடவுளும் கிடையாது, பிசாசும் கிடையாது. சாத்தான் ஓர் அடையாளம், அவ்வளவுதான்: சொன்னதற்கெல்லாம் தலையாட்டாதவன், தன் உடம்பையும் ஆசையையும் அசிங்கமாக நினைக்காதவன். நிஜமாகவே அப்படி ஒரு சக்தி இருப்பதாக நம்புகிறவர்களும் உண்டு. லாவேயோடு இருந்த மைக்கேல் அக்கினோ 1975-ல் பிரிந்துபோய் 'டெம்பிள் ஆஃப் செட்' ஆரம்பித்தது அந்த நம்பிக்கையில்தான். நான் அந்தப் பக்கம் இல்லை.

கேள்வி: அப்படியென்றால் நாத்திகர் என்று சொல்லிவிட்டுப் போகலாமே, எதற்கு இந்தப் பெயர்?

நிறையப் பேர் கேட்டது இதைத்தான். கடவுள் இல்லை, சரி. அப்புறம் எப்படி வாழ்வது? கோபம் வந்தால், துக்கம் வந்தால், யார்மேலாவது பொறாமை வந்தால் அதை எங்கே கொண்டுபோய் வைப்பது? நாத்திகம் இதற்குப் பதில் சொல்வதாகச் சொல்லிக்கொண்டதே இல்லை, அது அதன் வேலையும் இல்லை. சாத்தானியம் எனக்குச் சொன்னது, உனக்கு என்ன வேண்டும் என்று முதலில் உனக்கே பொய் சொல்லாமல் ஒத்துக்கொள், கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும் பொறுப்பு உன்னுடையது, விதிமேலோ கிரகத்தின்மேலோ பழிபோடாதே என்று. கேட்க எளிது, தினமும் செய்வது கஷ்டம். என்னை இதில் பிடித்து வைத்திருப்பதே அந்தக் கஷ்டம்தான்.

கேள்வி: சடங்கில் என்ன செய்வீர்கள்? ரத்தம், பலி எல்லாம் உண்டா?

கிடையாது. குழந்தைகளுக்குத் தீங்கு செய்யாதே, தற்காப்புக்கும் உணவுக்கும் தவிர விலங்கைக் கொல்லாதே என்பது லாவே எழுதிய பதினொரு விதிகளிலேயே இருக்கிறது. 1969-ல் வந்த அவருடைய 'சாத்தானிக் பைபிள்' நூல் சொல்லும் சடங்குகள் மூன்று வகை: காமம், இரக்கம், அழிவு. நான் அதிகம் செய்வது மூன்றாவது. அறையை இருட்டாக்கி மணியை ஒன்பது முறை அடிப்பேன். இடப்பக்கம் கறுப்பு மெழுகுவர்த்தி, வலப்பக்கம் ஒரே ஒரு வெள்ளை மெழுகுவர்த்தி. பண விஷயத்தில் என்னை ஏமாற்றிய ஒரு நண்பரைப் பற்றி மனதில் இருந்ததையெல்லாம் ஒரு தாளில் எழுதினேன், வாய்விட்டுச் சொல்லக் கூசுகிற வார்த்தைகள் உட்பட. சத்தமாகப் படித்து, வெள்ளை மெழுகுவர்த்திச் சுடரில் எரித்தேன். அவருக்கு ஒன்றும் ஆகவில்லை, ஆகவேண்டும் என்று நான் எதிர்பார்க்கவும் இல்லை. ஆனால் மறுநாளிலிருந்து அவர் பேச்சை எடுக்காமல் இருக்க முடிந்தது.

கேள்வி: ஒருத்தருக்குச் செய்வினை வைத்துத் தர முடியுமா?

முடியாது. பில்லி சூனியத்துக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. உங்களுக்கு நிஜமாகவே ஒருவரால் ஆபத்து என்றால் காவல் நிலையத்துக்குப் போங்கள்.

கேள்வி: அமெரிக்காவில் சாத்தானியர்கள் குழந்தைகளைச் சித்திரவதை செய்ததாகப் படித்தேனே?

1980-களில் அங்கே பரவிய பீதி அது. கலிஃபோர்னியாவில் மெக்மார்ட்டின் மழலையர் பள்ளிமேல் 1983-ல் புகார் எழுந்தது. ரகசியச் சுரங்கப்பாதை, சாத்தான் சடங்கு என்று குழந்தைகளிடம் திரும்பத் திரும்பக் கேட்டுக் கேட்டுக் கதை வளர்ந்தது. 1990-ல் எல்லாம் முடிந்தபோது ஒருவர்மேலும் குற்றம் நிரூபணமாகவில்லை. ஆனால் அங்கே வேலை பார்த்த ரே பக்கி அதற்குள் ஐந்து வருடம் சிறையில் கழித்துவிட்டார். இதை நினைத்தால் எனக்கு இன்னமும் கொதிக்கும்.

கேள்வி: ஆட்டுத்தலைச் சிலை வைத்தவர்கள் நீங்கள்தானே?

அது 'சேட்டானிக் டெம்பிள்', 2013-ல் வந்த வேறு அமைப்பு. அமெரிக்காவின் ஓக்லஹோமா மாநிலச் சட்டமன்ற வளாகத்தில் பைபிளின் பத்துக் கட்டளைக் கல் இருக்கலாம் என்றால் தங்கள் ஆட்டுத்தலைச் சிலையான பாஃபொமெட்டும் இருக்கலாம் என்று அரசின் மதச்சார்பின்மையைச் சோதித்தார்கள். 2015-ல் மாநில உச்ச நீதிமன்றம் அந்தக் கல்லையே எடுக்கச் சொன்னது, இவர்களும் சிலையை அங்கே வைக்கும் முயற்சியை விட்டுவிட்டார்கள். சர்ச் ஆஃப் சேட்டன் இவர்களைச் சாத்தானியர்களாகவே ஏற்பதில்லை. எனக்கு அந்தச் சண்டையில் அக்கறை இல்லை.

கேள்வி: கடைசியில் இது வெறும் சுயநலம்தானே?

லாவேயிடம் எனக்கு ஒப்பாத இடம் இதுதான். வலுத்தவன் வாழ்வான் என்று சொல்கிற ஒரு பழைய புத்தகத்திலிருந்து பக்கம் பக்கமாக எடுத்துத் தன் நூலின் முதல் பகுதியாக்கினார், அதை நான் ஏற்கவில்லை. பலவீனனை மிதிப்பதற்கு யாரும் சாத்தானியராக வேண்டியதில்லை, உலகம் ஏற்கெனவே அதைத்தான் செய்கிறது. சேட்டானிக் டெம்பிள்காரர்களின் ஏழு கொள்கைகளில் முதலாவது எல்லா உயிர்களிடமும் பரிவு, அதுவும் பகுத்தறிவுக்கு உட்பட்டு. அந்த ஒன்றை அவர்களிடமிருந்து எடுத்துக்கொண்டேன், ஆள் சேர்ந்ததில்லை.

கேள்வி: வீட்டில் தெரியுமா? அம்மா கோயிலுக்குக் கூப்பிட்டால்?

தெரியும். கூப்பிட்டால் போவேன். அடுத்தவர் இடத்துக்குப் போனால் மரியாதையாக இரு, இல்லையென்றால் போகாதே என்பதும் அந்தப் பதினொன்றில் ஒன்று. செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போவேன், அம்மா திருநீறு பூசினால் துடைக்க மாட்டேன். வேண்டிக்கொள் என்பார், அதை மட்டும் செய்வதில்லை என்று அவருக்கும் தெரியும்.